டர்போவைக் கழட்டுவதற்கு முன்

அன்புள்ள தேன்மொழிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சவுக்கியம். உங்கம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. வெயில்தான் வேலூரை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. மத்தியானத்தில் பட்டறைத் தகரத்துக்குக் கீழே நிற்க முடியவில்லை, காலையிலேயே பெரிய வேலைகளை முடித்துவிடுகிறோம்.

உன் கார் புகை விடுகிற வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டர்போ, அதாவது எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அமுக்கித் தள்ளுகிற சக்கரம், போய்விட்டது, புதுசு மாட்டவேண்டும் என்று பெங்களூரில் சொல்லிவிட்டார்கள் என்றாய். போயிருக்கலாம். இல்லவே இல்லை என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஹோஸைக்கூடக் கழட்டாமல், சைலன்சருக்குப் பின்னால் நின்று சொன்ன தீர்ப்பு அது. அதை நம்பி முக்கால் லட்சம் எடுத்து வைக்காதே. டர்போ வண்டி புகை விட்டால் டர்போ மேல் பழி போடுவது சுலபம், ஏனென்றால் ஆயில் பல சமயம் அந்த வழியாகத்தான் வெளியே வரும். அதை அந்த வழியில் தள்ளிவிட்டது எது என்று பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

முதலில் நிறம். ராத்திரி தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் எல்லாப் புகையும் மஞ்சளாகத்தான் தெரியும். பகலில், பின்னால் இருட்டான சுவரோ மரமோ இருக்கிற இடத்தில் நிறுத்தி எடு. நீலம் கலந்த சாம்பலாகக் கிளம்பி, கொஞ்ச நேரம் கலையாமல் நின்று, எண்ணெய் தீய்ந்த நாற்றம் அடித்தால் இன்ஜின் ஆயில். வெள்ளையாகக் கிளம்பி ரெண்டடி போவதற்குள் கரைந்தால் வெறும் நீராவி, மார்கழிக் காலையில் எல்லா வண்டியும் விடுவதுதான். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை, இனிப்பாக ஒரு வாசனை, கூலன்ட் டப்பாவில் அளவு இறங்குகிறது என்றால் இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படு. கறுப்புக்குப் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. மேப், அதாவது பெட்ரோலும் காற்றும் எவ்வளவு என்று சொல்லும் இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராம், மாற்றிய வண்டியில் அது வரலாம், டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலரின் ஹோஸ் கிளிப் நழுவிக் காற்று வெளியே போனாலும் வரலாம். உன் டிப் ஸ்டிக்கில் ஆயில் இறங்குகிறது, கூலன்ட் அப்படியே இருக்கிறது என்கிறாய். அப்படியானால் நீலம்தான் என்று வைத்துக்கொள்வோம்.

நிறம் என்ன எரிகிறது என்று மட்டும்தான் சொல்லும். எங்கிருந்து வருகிறது என்று தெரிய, எப்போது வருகிறது என்று பார்க்கவேண்டும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று ஒரு புகை, அப்புறம் ஒன்றுமில்லை என்றால், வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கிற வால்வு கைடு சீல். மேலே தேங்கிய ஆயில் ராத்திரியில் கைடு வழியாகச் சொட்டியிருக்கும். ஏலகிரியில் இருந்து 14 கொண்டை ஊசி வளைவையும் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கியரிலேயே இறங்கி, கீழே பொன்னேரி வந்து மிதித்ததும் பின்னால் புகை கிளம்பினால் அதுவும் கைடு சீல்தான். காற்று வழியில் இருக்கிற த்ராட்டில் தகடு மூடியிருக்கும்போது அதற்கு அடுத்த இன்டேக் குழாயில் உறிஞ்சல் அதிகம், அது ஆயிலை இழுத்துக்கொள்ளும். ஏற்றத்தில், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மிதிக்கும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கும்.

நீ சொல்வது வேறு. காலையில் புகை இல்லை. ஹைவேயில் இல்லை. சில்க் போர்டு ஜாமில் ரொம்ப நேரம் நின்று கிளம்பும்போது மட்டும் வருகிறது. இது டர்போவையும் காட்டும், இன்ஜின் உள்ளே அடைபட்ட பிரஷரையும் காட்டும்.

டர்போவின் ஷாஃப்டில் ரப்பர் சீல் கிடையாது. பெட்ரோல் வண்டியில் டர்பைனுக்கு வரும் எக்ஸாஸ்ட் 900 டிகிரியை எட்டும், ரப்பர் எங்கே நிற்கும்? பிஸ்டன் ரிங்கையே பொடியாகச் செய்ததுபோல ரெண்டு பக்கமும் ஒரு உலோக வளையம், அவ்வளவுதான். ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். அதைத் தாங்கும் ஆயில் மேலே மெல்லிய குழாயில் பிரஷரோடு வந்து, வேலை முடிந்ததும் நுரையாகி, தன் எடையிலேயே கீழே சம்ப்புக்கு, இன்ஜின் அடியில் ஆயில் தேங்குகிற தொட்டிக்கு, வடிகிறது. அதனால்தான் கீழ்க்குழாய் அவ்வளவு தடிமன். அந்தக் குழாய் மடங்கினாலும் சரி, சம்ப்பில் பிரஷர் ஏறி வடிய விடாமல் தடுத்தாலும் சரி, அடைத்துக்கொண்ட பாத்திரம் கழுவும் தொட்டி மாதிரி ஆயில் நடுவில் நிறைந்து, வளையத்தைத் தாண்டிக் கசிந்துவிடும். வண்டி ஓடும்போது ரெண்டு பக்கமும் இருக்கிற காற்றுப் பிரஷர் ஆயிலை உள்ளேயே பிடித்து வைக்கும். ஐடிலில், நின்ற இடத்தில் இன்ஜின் சும்மா ஓடும்போது, அந்தப் பிடி தளரும். சிக்னலில் கசிந்து சூடான பக்கம் சேர்ந்த ஆயில்தான் நீ கிளம்பும்போது புகையாகிறது.

ராணிப்பேட்டை சிப்காட் லோடு அடிக்கிற லாரி ஒன்று இப்படித்தான் வந்தது. "இன்னா மேஸ்திரி, புது டர்போ போட்டும் புகை நிக்கலயே" என்று டிரைவர் புலம்பினார். கீழ்க்குழாயைக் கழட்டினால், கேஸ்கெட் வைக்கவேண்டிய இடத்தில் யாரோ பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். அது உள்பக்கம் பிதுங்கிக் காய்ந்து ஓட்டையில் பாதியை மூடியிருந்தது. பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு கேஸ்கெட் வெட்டி மாட்டினோம், புகை நின்றது. பழைய டர்போவை அதற்குள் ஓனர் எடைக்குப் போட்டுவிட்டிருந்தார்.

இனி உன் காருக்கு வருகிறேன். முன்னால் வைத்திருந்தவர் செய்த வேலை என்று பவரை ஏற்றும் ஸ்டேஜ் 2 மேப், பெரிய டவுன்பைப் (டர்போவில் இருந்து எக்ஸாஸ்ட் வெளியேறும் குழாய்), கோன் ஃபில்டர் (கூம்பு மாதிரி ஏர் ஃபில்டர்), ஆயில் கேட்ச் கேன் (இன்ஜின் உள்காற்றோடு வரும் ஆயிலைப் பிடிக்கிற டப்பா) என எழுதியிருக்கிறாய். கம்பெனியில் இருந்து வந்தபடி இருக்கும் காரில் எங்கே வேண்டுமானாலும் தேடலாம். கை வைத்த காரில், கை வைத்த இடத்தில் இருந்து தேடவேண்டும். நான் கேட்ச் கேனில்தான் ஆரம்பிப்பேன்.

எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காற்று கீழே இறங்கும். நாங்கள் பேக் கம்ப்ரஷன் என்போம். அது வெளியேற வழி வேண்டும். உன் இன்ஜினில் ரெண்டு வழி இருக்கும்: ஐடிலில் நேராக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடுகிற இன்டேக் மேனிஃபோல்டுக்கு, பூஸ்ட் (டர்போ அமுக்கித் தள்ளும் காற்றுப் பிரஷர்) வரும்போது டர்போவுக்கு முன்னால் இருக்கிற குழாய்க்கு. மேனிஃபோல்டு வழியில் ஒரு ஒன்-வே வால்வு உண்டு. கேட்ச் கேன் மாட்டுகிற பையன்கள் இந்த ஹோஸ்களை வெட்டி இழுத்து மாற்றுவார்கள். மலிவு ரப்பர் ஹோஸ் டவுன்பைப் சூட்டுக்குப் பக்கத்தில் போனால் மெத்தென்று ஆகி உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். கேன் நிரம்பி வழியை மூடியிருக்கலாம். வால்வையே தூக்கிப் போட்டிருந்தால் இன்னும் மோசம், டர்போ தருகிற பூஸ்ட் பிரஷர் முழுக்க சம்ப்புக்குள் போகும். மேப் போட்டு பூஸ்ட்டை வேறு ஏற்றியிருக்கிறார்கள். அப்புறம் டிப் ஸ்டிக் எழும்பி நிற்கும், ஆயில் கிடைத்த சந்தில் எல்லாம் வெளியே வரும்.

இதைப் பார்க்க பெரிய கருவி வேண்டாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது கேனைத் திறந்து காலி செய். ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிக்கொண்டே போ, எங்கே தொளதொளவென்று இருக்கிறதோ அங்கே நிறுத்து. ஒன்-வே வால்வைக் கழட்டி வாயால் ஊது. ஒரு பக்கம் போகவேண்டும், மறுபக்கம் போகக்கூடாது. அப்புறம் ஸ்டார்ட் செய்து ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து ஆயில் ஊற்றுகிற ஓட்டை மேல் சும்மா வை. லேசாக இழுத்துப் பிடித்தால் நல்லது. தாளம் போட்டுக் குதித்தால் உள்ளே பிரஷர் இருக்கிறது. இதைச் செய்யும்போது துப்பட்டா, தலைமுடி பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள். உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

கோன் ஃபில்டரையும் பார். ஆந்திரா பக்கம் மண் ரோட்டில் சுற்றியதாகச் சொன்னாயே, அது அடைத்திருந்தால் டர்போ வாயில் உறிஞ்சல் கூடி ஆயிலை இழுக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் டர்போ பக்கம் போகவேண்டும். காற்று வாய்க் குழாயைக் கழட்டினால் கம்ப்ரசர் சக்கரம் தெரியும். நடு நட்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பார். அந்தத் திசையில் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், ஆயில் படலத்தில் மிதக்கிற ஷாஃப்ட் அப்படித்தான், அதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்பாதே. முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரத்தின் முனை உள்சுவரில் உரசிய கோடு இருந்தாலோதான் டர்போ முடிந்தது. இன்டர்கூலர் ஹோஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது சகஜம், சாய்த்தால் ஊற்றுகிற அளவுக்கு இருந்தால் சகஜம் இல்லை.

டர்போவும் நன்றாக இருந்தால் லீக்-டவுன் டெஸ்ட். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகக் காற்று கொடுத்து எவ்வளவு கசிகிறது என்று மீட்டரில் பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி, 20ஐத் தாண்டினால் யோசிக்கவேண்டும். ஆனால் எனக்கு மீட்டரைவிடக் காதுதான் முக்கியம். ஆயில் மூடி வழியாக உஸ்ஸென்று வந்தால் ரிங். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. த்ராட்டில் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். கம்ப்ரஷன் டெஸ்ட் மட்டும் எடுத்துவிட்டு எல்லாம் ஓகே என்று எவனாவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடு. சிலிண்டர் சுவரில் ஆயிலை வழித்துவிடுகிற ஆயில் ரிங் மட்டும் கெட்டிருந்தால் கம்ப்ரஷன் நன்றாகவே காட்டும்.

ஒன்று சொல்ல மறந்தேன். கோளாறைச் சரி செய்த பிறகும் கொஞ்ச நாள் புகை வரும். இன்டர்கூலரிலும் சைலன்சரிலும் ஏற்கெனவே தேங்கிய ஆயில் எரிந்து தீரவேண்டும். அதைப் பார்த்துப் பதறி மறுபடியும் எதையாவது கழட்ட விடாதே.

அதுவரை வண்டியை மெதுவாக ஓட்டு, ஃபுல்லாக மிதிக்காதே. ஆயில் கலந்த காற்று பெட்ரோலின் ஆக்டேனைக் குறைக்கும், நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் உள்ளே தானாகவே தாறுமாறாக வெடிக்கும், மேப் போட்ட இன்ஜினில் அது பிஸ்டனையே உடைக்கும். முக்கால் லட்சத்தோடு போகிறது ரெண்டு லட்சத்தில் வந்து நிற்கும். ஆயில் லெவலை வாரா வாரம் பார், எவ்வளவு ஊற்றினாய், அப்போது கிலோமீட்டர் என்ன என்று எழுதி வை. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று சில கம்பெனி மேனுவலிலேயே இருக்கிறது, அதனால் கணக்கு இல்லாமல் பேசிப் பயனில்லை. உன்னுடையது பெட்ரோல் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. டீசலில் டர்போ ஆயிலை அள்ளி ஊற்ற ஆரம்பித்தால் சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்காது, அந்த ஆயிலையே குடித்து ஓடும்.

பொங்கலுக்கு வரும்போது காரையே எடுத்துக்கொண்டு வா, புகை நடுவழியில் கூடாத வரைக்கும். பள்ளிகொண்டா டோல் தாண்டினதும் போன் போடு, நம் பட்டறையிலேயே லீக்-டவுன் பார்த்துவிடலாம். வருவதற்கு முன்னால் அங்கே யாராவது பிளக்கைக் கழட்டினால் எந்த சிலிண்டர் பிளக் எது என்று நம்பர் போட்டு வாங்கிக்கொள். ஒன்றில் மட்டும் ஆயில் படிந்திருந்தால் கோளாறு அந்த சிலிண்டரில், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் பொதுவான வழியில்.

மேப் விஷயம் கடைசி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. நாளைக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் இதைத்தான் முதலில் தோண்டுவார். நீ வாங்கும்போதே இப்படி இருந்தது என்று சொன்னால் எடுபடாது. மேப் போட்ட கடையில் கம்பெனியின் பழைய மேப் ஃபைலை வழக்கமாக எடுத்து வைத்திருப்பார்கள். முன்னால் வைத்திருந்தவரிடம் எந்தக் கடை என்று விசாரித்து, அந்த ஃபைலைத் திரும்ப ஏற்ற எவ்வளவு கேட்கிறார்கள் என்று எனக்குச் சொல். பணம் நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அப்பா