முன்கட்டு வீட்டை நாள் வாடகைக்கு விடுமுன்

ஆனைமலை
22.10.2025

அன்புள்ள சரஸ்வதிக்கு,

கோகிலா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள் நேற்று மாலைதான் கிளம்பினார்கள். மூன்று அறைகளின் படுக்கை விரிப்புகளையும் தாழ்வாரத்தில் கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். இந்த மழையில் எப்போது காயுமோ தெரியவில்லை.

உன் அப்பாரு கட்டிய தொட்டிக்கட்டு வீட்டின் முன்கட்டைப் பூட்டி வைக்காமல், கொடிவேரி பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறாய் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அந்த முற்றத்தில் சந்தகை அச்சின் கைப்பிடியை நான் அழுத்த, நீ கீழே தட்டைச் சுற்றிச் சுற்றி இழையை வாங்குவாயே, அது கண்முன் வந்து போனது.

ஆனால் உன் அண்ணன் மகன் சொன்னதாக ஒன்று எழுதியிருந்தாய். ஏர்பிஎன்பி போன்ற ஒரு செயலியில் வீட்டைப் பதிந்துவிட்டால் போதும், வரியை அந்தக் கம்பெனியே கட்டிவிடும், நகராட்சிக்குப் போய் நாமாக எதற்குச் சொல்ல வேண்டும் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை நீ ஜி.எஸ்.டி.யில் பதிய வேண்டியதில்லை. அப்படிப் பதியாதவர்களின் அறை செயலி வழியாகப் போனால், அந்த வரியைச் செயலிக் கம்பெனிதான் கட்ட வேண்டும். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 12 சதவீதமாக இருந்தது, போன மாதம் 22ஆம் தேதியிலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. ஆனால் சரசு, அந்தப் பணம் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் போகிறது. உன் தெருவில் குப்பை அள்ளுவதும் விளக்கு எரிவதும் உன் ஊர் வசூலிக்கும் சொத்து வரியையும் தொழில் வரியையும் நம்பித்தான். செயலி அந்த இரண்டையும் கட்டாது. எனக்கும் இது ஆரம்பத்தில் புரியவில்லை.

வேர் வாடல் நோயில் எழுபது தென்னைகளை வெட்டிப் போட்ட வருடம்தான் நாங்கள் இந்த அறைகளைத் தொடங்கினோம். வீட்டு வரி ரசீது இருந்தது, அதுவே போதும் என்று இருந்துவிட்டோம். ஒரு திங்கட்கிழமை காலை, வாசலில் நான்கு சாக்கு குப்பை. முழுக்கத் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுத் தட்டு, பிள்ளைகளின் டயப்பர். பஞ்சாயத்துத் தூய்மைப் பணியாளர் அம்மா பேட்டரி வண்டியோடு வந்தார். எங்கள் தெரு முழுவதற்கும் அவருக்கு இரண்டு சாக்குதான் சேரும். என் வீட்டுச் சாக்கு ஒன்று கிழிந்து, மீந்துபோன குழம்பு அவர் சேலையில் வழிந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புறங்கையால் வழித்துவிட்டு அடுத்த சாக்கைத் தூக்கினார். நான் சொம்பில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்கும் பஞ்சாயத்துக்கு என் தொழிலிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வாரமே வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகம் போனேன். கட்டடத்தில் மூன்று அறைகள் வாடகைக்குப் போகின்றன என்று எழுதிக் கொடுத்து வரியைத் திருத்தினோம். தொழில் வரியும் கட்டினோம்.

தொழில் வரி என்றதும் பயப்படாதே. அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது. எவ்வளவு வருமானம் வந்தாலும் ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க அரசியல் சட்டத்திலேயே இடமில்லை.

எங்களுக்கு உண்மையில் சுட்டது மின்சாரம்தான். வீட்டு இணைப்பிலேயே வெந்நீர் ஹீட்டர், ஏ.சி. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஆய்வுக்கு வந்தவர்கள் மீட்டரைப் பார்த்தார்கள், வாசலில் இருந்த பலகையைப் பார்த்தார்கள். வணிகக் கட்டணத்துக்கும் வீட்டுக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்தேதியிட்டுக் கணக்குப் போட்டார்கள். ஒரு சீசன் முழுக்கச் சம்பாதித்தது அதில் போயிற்று. தப்பு எங்களுடையது, வாதாட எதுவும் இல்லை. நீ முதலிலேயே முன்கட்டுக்கு மட்டும் தனி மீட்டர் வாங்கிவிடு. நீ குடியிருக்கும் பின்கட்டு வீட்டு இணைப்பாகவே இருக்கட்டும், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்தை ஏன் இழக்க வேண்டும்?

உன் ஊர் நகராட்சி என்பதால் முன்கட்டுக்குச் சொத்து வரியும் குடியிருப்பு விகிதத்திலிருந்து மாறும். அதை நீயாகவே விண்ணப்பித்து மாற்று. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. தள்ளிப்போட்டால் மாதம் 1 சதவீதம் ஏறும். இந்த அரையாண்டுக்கு அக்டோபர் 31 வரைதான், இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பழைய பாக்கி ஏதாவது இருந்தால் முதலில் அதை முடி. தொழில் உரிமம் கேட்கப் போகும்போது முதலில் அந்த ரசீதைத்தான் கேட்பார்கள். காலை உணவும் கொடுப்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், ஆண்டுக்கு 100 ரூபாய்தான். நீ செய்யும் ஒப்புட்டைச் சாப்பிடவே ஆட்கள் வருவார்கள், ஆகவே அதை விட்டுவிடாதே.

இன்னொன்று, வருகைப் பதிவேடு. நீள நோட்டில் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், வந்த நேரம், போன நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுத்தாக வேண்டும். போன வருடம் ஓர் இரவு பதினொரு மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்துவிட்ட கல்லூரிப் பையனைத் தேடி வந்தார். எங்கள் நோட்டில் அவன் பெயர் இருந்தது, மூன்றாவது அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். விடிவதற்குள் அவன் அம்மா கரூரிலிருந்து வந்து சேர்ந்துவிட்டார். அந்த நோட்டை இன்றுவரை ஒருநாள்கூட எழுதாமல் விட்டதில்லை.

நம் ஊரில்தான் இந்தக் கெடுபிடி என்று உன் அண்ணன் மகன் நினைக்கலாம். இரண்டு வருடம் முன்பு மகனைப் பார்க்கச் சான் பிரான்சிஸ்கோ போயிருந்தேன் அல்லவா? ஏர்பிஎன்பி 2008இல் பிறந்த ஊரே அதுதான். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார். அதற்கு அவர் நகரத்தில் தொழில் பதிவும் செய்ய வேண்டும், குறுகிய கால வாடகைக்கென்று தனிப் பதிவும் செய்ய வேண்டும். பதிவு எண் விளம்பரத்திலேயே தெரிய வேண்டும். விருந்தாளி 14 சதவீதம் விடுதி வரி கொடுக்கிறார். வீட்டுக்காரர் ஆண்டில் குறைந்தது 275 இரவு அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும், அவர் இல்லாதபோது 90 இரவுக்கு மேல் விட முடியாது. இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். வாடகைக்குக் குடியிருப்பவர்களைக் கிளப்பிவிட்டு வீடுகளை எல்லாம் விடுதியாக்கினார்கள், ஊரில் குடியிருக்க வீடே கிடைக்காமல் போயிற்று என்றார். உன் கோபிசெட்டிபாளையத்தில் அந்த நிலைமை இன்று இல்லை. ஆனால் உன் தெருவில் பத்து வீடு இப்படி மாறினால் பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம் எங்கே குடிபோகும்? அதனால்தான் நீ பின்கட்டிலேயே குடியிருக்கப்போகிறாய் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நவம்பர் 1 முதல் வால்பாறை போக இ-பாஸ் என்கிறார்கள். வருகிறவர்களுக்கு அதை எடுத்துக்கொடுக்கும் வேலையும் என் தலையில்தான் விழும். அதற்கு முன்னால், வரும் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் பொள்ளாச்சி, கோயம்புத்தூர் வழியாக உன்னிடம் வந்துவிடுகிறேன். இருவருமாக நகராட்சி அலுவலகம் போவோம். அதற்குள் அப்பாருவின் தகரப்பெட்டியைத் திறந்து பத்திரத்தின் நகல், கடைசியாகக் கட்டிய வரி ரசீது, மின் இணைப்பு அட்டை மூன்றையும் எடுத்து வை. ரசீதில் இன்னும் அப்பாருவின் பெயரே இருந்தால் முதலில் பெயர் மாற்ற வேண்டியிருக்கும், வாரிசுச் சான்றிதழும் வேண்டும். பெட்டியின் சாவி பூஜை அறை மாடத்தில் இருக்கும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய்.

அன்புடன்,
கோகிலா