குறைமாதக் குழந்தைகளின் கண்ணுக்காகத் தோள் கொடுத்தவர்களுக்கு

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைப் பரிசோதனை தேதி தவறாமல் நடக்கத் துணை நின்ற எல்லாருக்கும் வணக்கமும் நெஞ்சார்ந்த நன்றியும்.

தேதிக்காக ஏன் இவ்வளவு மன்றாடினோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். கருவில் 16ஆம் வாரவாக்கில் பார்வை நரம்பின் முனையில் தொடங்கும் இரத்தக் குழாய்கள், 36ஆம் வாரத்தில் விழித்திரையின் மூக்குப்பக்க ஓரத்தையும், 40ஐ ஒட்டிக் காதுப்பக்க ஓரத்தையும் எட்டும். கருப்பையில் ஆக்சிஜன் குறைவு. அந்தக் குறைவால் சுரக்கும் வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணிதான் குழாய்களை முன்னே இழுத்துச் செல்கிறது. 28 வாரத்தில் பிறந்துவிட்டால் ஆக்சிஜன் சட்டென்று கூடி வி.இ.ஜி.எஃப். இறங்கிவிடும், ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொரு காரணியும் சரியும். குழாய்கள் பாதி வழியில் நிற்கும். விழித்திரையோ முதிர்ந்துகொண்டே போகும். கரு வயதுக் கணக்கில் 32, 33 வாரம் ஆனதும், குழாய் எட்டாத பகுதி ஆக்சிஜனுக்குத் தவித்து வி.இ.ஜி.எஃப்.-ஐ அள்ளிக் கொட்டும். அப்போது முளைப்பவை தாறுமாறான, கசியும் குழாய்கள். அவை வடுவாகிச் சுருங்கினால் விழித்திரையையே பெயர்த்துவிடும். அதுவரை வெளிப்பார்வைக்குக் கண் பளிச்சென்றுதான் இருக்கும்.

அதனால்தான் 1,500 கிராமுக்குக் குறைவாகவோ 32 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 4 முதல் 6 வாரத்துக்குள் முதல் பரிசோதனை. அடுத்தது பெரும்பாலும் ஓரிரு வாரத்தில். சிகிச்சை வேண்டுமென்றால் 72 மணி நேரத்துக்கு மேல் தள்ளக் கூடாது.

பச்சிளங்குழந்தைத் தீவிரப் பிரிவுத் தாதியரே, ஆக்சிஜன் கொடுக்கும் குழந்தைகளுக்கு இரத்தத்தில் அதன் செறிவு 95 விழுக்காட்டைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கையை ஒருபோதும் அணைத்து வைக்காததற்கு நன்றி. கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தை ஒவ்வொரு துளியாக, இடைவெளி விட்டுப் போட்டு, கன்னத்தில் வழிந்ததை உடனே துடைத்தீர்கள். வழிந்தது உடம்பில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஏறும், மூச்சு தடைபடும், குடல் மந்தமாகும். இமைவிரிப்பான் வைக்கும் முன் நாக்கில் இரண்டு சொட்டுச் சர்க்கரைக் கரைசல் விட்டு, துணியில் சுற்றி அணைத்துக்கொண்ட கைகளையும் மறக்க மாட்டோம்.

வீடு திரும்பிய குழந்தைகளுக்குப் பரிசோதனை நாள் பெரும்பாலும் பேறுகாலப் பத்தியத்துக்குள்தான் விழும். "பச்சை உடம்போடு வெளியே போகாதே" என்று மருமகளைத் தடுக்காமல், போர்த்தி உடன் அழைத்துவந்த பாட்டிமார்களே, உங்கள் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறோம். நிபோங் திபாலிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் விடியுமுன் கிளம்பி, தீவுக்கு வரும் பாலத்து நெரிசலுக்கு முந்திக்கொண்ட ஓட்டுநர்களுக்கும் நன்றி.

வி.இ.ஜி.எஃப்.-ஐ அடக்கும் ஊசி போட்ட குழந்தைகளுக்கு நோய் பல வாரம் கழித்தும் திரும்பலாம். நின்ற குழாய்கள் ஓரத்தை எட்டும்வரையோ மருத்துவர் போதும் என்று சொல்லும்வரையோ அவர்கள் வந்தாக வேண்டும். அந்தப் பெற்றோர் கூப்பிடும்போது வண்டி கொடுத்து உதவுங்கள்.

அன்புடன்,
பரிசோதனைக் குழுவினர், பினாங்கு