இசக்கிக்கு, செம்பூரிலிருந்து

அன்புள்ள இசக்கிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. வாட்ஸப்பில் நாலு வரி தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் நீ கேட்டதற்கு நாலு வரி போதாது, அதோடு போனில் பேச ஆரம்பித்தால் நாம் இரண்டு பேரும் அழுதுவிட்டு விஷயத்தைப் பேசாமலே வைத்துவிடுவோம், போன தடவை அப்படித்தானே ஆயிற்று. அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் தூங்குகிற நேரத்தில், உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் வீட்டு அண்ணாச்சிக்கு மார்ச்சோடு கீமோ முடிந்தது என்று படித்ததும் குமாரசாமி கோயிலுக்குப் போய் வந்தேன். இங்கே செட்டா நகரில் சின்னக் குன்று மேல் முருகன் இருக்கிறார், 108 படி. ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் படியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியவள் நான். இப்போது மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடுகிறேன்.

நீ கேட்டது, ஜூனில் சாரல் ஆரம்பித்ததும் மக்கமாரோடு குற்றாலம் போகலாமா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா என்று. முதலில் எங்கள் கதையைச் சொல்கிறேன், அப்புறம் உன் கதைக்கு வருகிறேன்.

எனக்கு எல்லாம் முடிந்தது போன அக்டோபரில். முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன், கடைசியில் கரண்ட் வைப்பது, அதாவது ரேடியேஷன், 15 நாள். முடிந்த அன்றைக்கே செந்திலும் வள்ளியும் சிங்கப்பூர், தாய்லாந்து என்று ஆரம்பித்துவிட்டார்கள். "அம்மா, நீ இனிமேல் அனுபவிக்கணும்" என்கிறாள் வள்ளி. அனுபவிக்கலாம்தான், ஆனால் பிரயாண இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனால் பழைய வியாதியைப் பற்றி ஒரு பக்கம் கேள்வி, கடைசியில் அதற்கு மட்டும் கவர் கிடையாது. எதற்குப் பயந்து இன்ஷூரன்ஸ் எடுக்கிறோமோ அதை விட்டுவிட்டு, பெட்டி தொலைந்தால் பணம் தருவார்களாம்! எங்கள் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, பக்கத்திலேயே எங்கேயாவது போவோம் என்று மாதேரான் மலை என்றார். ஏன் மாதேரான் என்று உனக்குச் சொல்லவே வேண்டாம். அந்த மனுஷனின் ரயில் பைத்தியம் உனக்குத் தெரியாததா? 1907-ல் முடித்த இரண்டடி அகல ரயில் பாதை, போட்டவர் ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்து மகன் என்று கல்யாணமான வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார், முப்பது வருஷமாக மும்பையில் இருந்தும் ஒரு தடவைகூட போகவில்லை.

ஆனால் ரூம் போட நான் விடவில்லை. ஜனவரியில் முதல் செக்கப் இருந்தது. அதற்கு முன்னால் ஊருக்குப் போகத் திட்டம் போட்டால் யாரோ மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்து கலைத்துவிடுவார்கள் போல ஒரு பயம். படித்தவள்தானே என்று நீ திட்டுவாய். திட்டிக்கொள். பரேலில் புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தால் படிப்பெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை. அந்தத் தெரு நடைபாதையைப் பார்த்திருக்கிறாயா, பீகார், அசாம், வங்காளம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து பாயை விரித்துப் படுத்திருக்கிறார்கள். தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலையில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். எனக்கு ஏழெட்டு மைலில் சொந்த வீடும் சொந்தக் கட்டிலும் இருந்தது. ரிப்போர்ட் நன்றாக வந்து வெளியே வந்தபோது அவர்களைக் கடந்துதான் டாக்ஸி பிடிக்கவேண்டும், மலைக்கு ரூம் போடலாமா என்று வள்ளி போனில் கேட்கிறாள், நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். ராத்திரி சரி என்றேன். அதுவும், கடைசி நாள்வரை ரத்து செய்தாலும் பணம் திரும்பக் கிடைக்கிற ரூமாகப் பார்த்துப் போடச் சொன்னேன்.

பிப்ரவரியில் கிளம்பினோம். நாலு நாளுக்கு வள்ளி கட்டிய மூட்டையைப் பார்த்திருந்தால் நாங்கள் குடிபெயர்கிறோம் என்று நினைத்திருப்பாய். தெர்மாமீட்டர், கொதித்து ஆறிய தண்ணீர், டிஸ்சார்ஜ் சம்மரியின் மூன்று காப்பி, என் லெட்ரோசோல் மாத்திரை மூன்று அட்டை, ஒன்று அவள் பையில், ஒன்று அப்பா பையில், ஒன்று என்னிடம். நோய் திரும்பாமல் இருக்க தினம் ஒன்று, ஐந்து வருஷம் போடவேண்டிய மாத்திரை அது. காலையில் எழுந்தால் மூட்டெல்லாம் துருப்பிடித்த கதவு மாதிரி இருக்கும், அது அதன் உபயம். லோக்கல் ரயிலில் மலையடியில் இருக்கிற நேரல் வரை போகலாம் என்றேன், கூட்டம் என்று கேட்கவில்லை, கார் வைத்தார்கள்.

கார் தஸ்தூரி வரைதான் போகும். அதற்கு மேல் மோட்டார் வண்டியே கிடையாது, ஈ-ரிக்‌ஷா, ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு சிலதைத் தவிர. இதை செந்தில் படித்துச் சொன்னதும் எல்லார் முகமும் மாறிவிட்டது, நான் மட்டும் "நமக்கு வேண்டியது இருக்குல்ல, பிறகென்ன" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை இசக்கி. அங்கேதான் எனக்கு முதலில் உறைத்தது. முன்பெல்லாம் நான் என்ன சொன்னாலும் இரண்டு பேர் எதிர்த்துப் பேசுவார்கள், ஒருத்தராவது சிரிப்பார்கள்.

அமன் லாட்ஜ் ஸ்டேஷனிலிருந்து அந்தக் குட்டி ரயிலில் ஏறினோம். அவர் ஜன்னலோரம் சின்னப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார், ஆனால் வெளியே பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். "குலுங்குதா? தலை சுத்துதா?" முப்பது வருஷ ஆசை ரயில் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது, அவர் ஒரு மரத்தைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

முதல் நாள் நான் தூங்கினேன். இந்த அசதி உனக்குத் தெரிந்திருக்கும், அண்ணாச்சியிடம் பார்த்திருப்பாய், தூங்கினால் போகிற அசதி இல்லை இது. மூன்று மணி நேரம் கழித்து கண்ணைத் திறந்தால் கட்டிலைச் சுற்றி மூன்று நாற்காலி, மூன்று பேர், சத்தமே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னலே, உயிரோடதான் இருக்கேன்" என்றேன். அதற்கும் சிரிப்பில்லை.

அங்கே தெருவெல்லாம் செம்மண், கல்லு கல்லாக இருக்கும். கீமோவுக்குப் பிறகு என் பாதம் மரத்துப் போய்த்தான் இருக்கிறது, செருப்பு கழன்றாலும் தெரியாது, குனிந்து பார்த்தால்தான் தெரியும். பத்தடி நடப்பேன், செருப்பு பின்னால் கிடக்கும், செந்தில் ஓடிப்போய் எடுத்து வருவான், வெறுங்காலில் கல் குத்தியிருக்குமோ என்று வள்ளி உட்கார்ந்து என் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பாள். நடுத்தெருவில்! குதிரைக்காரன் எல்லாம் நின்று வேடிக்கை பார்க்கிறான். இடது கையில் வீக்கம் வராமலிருக்க இறுக்கமான ஸ்லீவ் போட்டிருந்தேன், அந்தக் கையில் கனம் தூக்கக்கூடாது என்பது சரிதான், ஆனால் இவர்கள் ஒரு கைக்குட்டையைக்கூடத் தூக்க விடவில்லை. டீயில் சர்க்கரை குறைவு என்று நான் சொன்னால் ஓட்டல்காரனை இரண்டு பேர் போய்த் திட்டுகிறார்கள். சூரிய உதயம் பார்க்க வடக்குக் கோடியில் பனோரமா பாயிண்ட் இருக்கிறது, விடிகாலையில் கிளம்பவேண்டும், நல்ல தூரம். நீங்கள் போய்வாருங்கள், என்னால் முடியாது என்றேன். நீ இல்லாமல் போகமாட்டோம் என்று மூன்று பேரும் ஒரே குரலில். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் நான் கோபப்பட்டால் அதையும் பக்குவமாகத் தாங்கிக்கொள்கிறார்களே, அவர்களிடம் எப்படிக் கோபப்படுவது? ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த வீட்டில் ஒருத்தர்கூட என்னோடு சண்டை போட்டு.

மூன்றாம் நாள் குரங்கு வந்தது.

சார்லட் ஏரிப் பக்கம் போயிருந்தோம். அங்கே குரங்கு ஜாஸ்தி, கையில் பையைத் தொங்கவிடாதே என்று வள்ளி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் மாத்திரை நேரம் பார்க்க என் சின்னப் பையை எடுத்தேன், அவ்வளவுதான், ஒரு தடிக் குரங்கு மடியிலிருந்து உருவுகிற மாதிரி உருவிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. போகிற போக்கில் தலையில் கட்டியிருந்த துணியையும் இழுத்துவிட்டது. நடுமரத்தில் உட்கார்ந்துகொண்டு பையைத் திறந்து, சம்மரியைப் பிரித்து, டாக்டர் மாதிரி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது. பிறகு மாத்திரை அட்டையைக் கடித்தது.

வள்ளி வெடித்துவிட்டாள். "எத்தனை தடவை சொன்னேன்! பைத்தியக்காரி மாதிரி சொல்லிட்டே வர்றேன், ஒரு தடவையாவது சொன்ன பேச்சைக் கேக்குறியாம்மா நீ? எப்பவும் உன் இஷ்டந்தான், உன் பிடிவாதந்தான், எல்லாரும் உன் பின்னாடியே ஓடணும்!" ஏரிக்கரையே திரும்பிப் பார்த்தது. சொல்லி முடித்ததும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் முகம் வெளிறிவிட்டது, செந்தில் அவள் கையைப் பிடிக்கிறான். நானா? எனக்கு உள்ளுக்குள் கட்டியிருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது. "ஆமா, நான் அப்படித்தான், நீ மட்டும் ரொம்ப ஒழுங்கோ? மூணு அட்டை வாங்கி ஊர்கோலம் விட்டது யாரு?" என்று நானும் பிடித்துக்கொண்டேன். பத்து நிமிஷம் போட்டோம் பார், தெருக்குழாய்ச் சண்டை. எப்போதோ ஆறாம் வகுப்பில் நான் அவள் பாட்டுப் போட்டிக்கு வராதது வரைக்கும் போனது. இடையில் அவள் சொன்னாள், ராத்திரியெல்லாம் நீ மூச்சு விடுறியான்னு பாத்துட்டு நான் ஒரு வருஷமா தூங்கலை, உனக்கு என்ன தெரியும் என்று. தெரியாதுதான். எனக்கு வலி இருந்தது, அந்த வலிக்கு மருந்தும் இருந்தது, இவளுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. குரங்குதான் மேலேயிருந்து மாத்திரையைத் துப்பியது. அவர் முதலில் சிரித்தார், அப்புறம் எல்லாரும்.

துணி போனது போனதுதான். வளர்ந்திருந்த முடி குட்டையாக, சுருட்டை சுருட்டையாக இருந்தது, எனக்கு எந்தக் காலத்தில் சுருட்டை முடி? கீமோவுக்குப் பின்னால் சிலருக்கு அப்படி வருமாம். அப்படியே கடைத்தெரு வழியே நடந்து சிக்கி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விடிகாலை மூன்று பேரும் என்னை விட்டுவிட்டுப் பனோரமா பாயிண்டுக்குப் போனார்கள். அவர் குதிரை மேல் போனாராம், இன்றுவரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிகிறார். நான் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து, சர்க்கரை குறைவான டீயை இரண்டு தம்ளர் குடித்து, ஒரு தட்டு காந்தா பஜ்ஜி, நம்ம வெங்காய பஜ்ஜிதான், சாப்பிட்டேன். மூன்று மணி நேரம் என்னை யாரும் பார்க்கவில்லை. இசக்கி, அந்த நாலு நாளில் நான் லீவில் இருந்தது அந்த மூன்று மணி நேரந்தான். அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், திரும்பி வந்தபோது மூன்று பேரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள், என்ன என்று கேட்டால் சொல்லவில்லை.

இப்போது உன் குற்றாலத்துக்கு வருகிறேன். போங்கள். ஆனால் அண்ணாச்சிக்குக் கீமோவில் ஏற்றியது ஆக்ஸாலிபிளாட்டின் என்று எழுதியிருந்தாயே, அந்த மருந்துக்கும் குளிர்ச்சிக்கும் ஆகாது, ஆறு மாசமாக ஃபிரிட்ஜ் தண்ணீர் தொடவில்லை என்றும் நீதான் எழுதியிருந்தாய். கை கால் மரமரப்பு மருந்து முடிந்தும் மாசக்கணக்கில் இருக்கலாம். அருவித் தண்ணீர் அவருக்கு இந்த சீசனில் வேண்டுமா என்று டாக்டரிடம் கேள். நெஞ்சில் மருந்து ஏற்ற வைத்த போர்ட் வேறு இன்னும் எடுக்கவில்லை, ஐந்தருவி கொட்டுகிற கொட்டுக்கு அதன் மேல் விழுந்தால் என்னாவது? பாசிப் பாறையில் மரத்த காலோடு நிற்கவும் வேண்டாம். மற்றவர்கள் குளிக்கட்டும், அவர் சாரலில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு உட்காரட்டும், பிரானூர் பார்டரில் கல்லிலிருந்து சூடாக எடுத்த பரோட்டா சாப்பிடட்டும். வெட்டி வைத்த பழமும் ரோட்டுச் சட்னியும் மட்டும் வேண்டாம். கூட்டம் இல்லாத வாரநாளாகப் பார். ஒரு நாளைக்கு ஒரு இடம், அதற்கு மேல் திட்டம் போடாதே. முக்கியமாக, காலையில் ஒரு தடவை அவரை ரூமில் தனியாக விட்டுவிட்டு நீ மக்கமாரோடு போய் நன்றாகத் தலை நனையக் குளித்துவிட்டு வா.

அண்ணாச்சியோடு நீ கடைசியாகச் சண்டை போட்டது எப்போது? அடுத்த கடிதத்தில் எழுது.

இன்னொன்று, திருவனந்தபுரத்துக்கு செக்கப் போக நீங்கள் முழு டிக்கெட் எடுப்பதாகச் சொன்னதை அவரிடம் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டார். புற்றுநோய்க்காரர்கள் சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ ரயிலில் போனால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் ஒரு படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். கேட்டுப் பார். குற்றாலத்துக்கு அது செல்லாது, ஊர் சுற்ற அரசாங்கம் காசு கொடுக்குமா?

செருப்பு விஷயம் மறக்குமுன் எழுதிவிடுகிறேன். மாதேரானிலிருந்து வந்ததும் தாராவி தோல் கடையில் நம்ம ஊர்க்காரர் ஒருத்தரிடம் சொல்லி, குதிகாலைச் சுற்றிப் பட்டை வைத்து, அடியில் மெத்தென்று ஒன்று வாங்கினேன். இப்போது கழல்வதில்லை. அண்ணாச்சிக்கும் ஒரு ஜோடி சொல்லலாம் என்றிருக்கிறேன். ஒரு காகிதத்தில் அவரை நிற்கவைத்து இரண்டு காலையும் பென்சிலால் சுற்றி வரைந்து தபாலில் அனுப்பு. வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்பாதே, அளவு மாறிவிடும். சாயங்காலம் வரைந்து அனுப்பு, அந்நேரத்தில்தான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

அன்புடன்,
கோமதி