அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் பறக்கும் மருமகனுக்கு, ஆரல்வாய்மொழியிலிருந்து

அன்புள்ள மருமகனுக்கு,

உன் அம்மா மூன்று நாளாக என்னை விடவில்லை. நீ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டாள். மலைச்சரிவில் ஈரத் துண்டை உலர்த்தப் போட்டது போலப் பச்சையாக ஒரு கீற்று. வரும் ஜூலையில் நீயும் உன் நண்பர்களும் இறங்கப்போகும் ஓடுபாதை அதுதான் என்று எழுதியிருந்தாய். "நீ எழுது. மாமா பேச்சை அவன் தட்டமாட்டான்" என்கிறாள். நீ தட்டாத பேச்சு எது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் பேச்சிப்பாறை அணைக்குச் சைக்கிளில் போகாதே என்றேன், போனாய். சிவில் படி என்றேன், கம்ப்யூட்டர் படித்தாய். அக்காவின் நம்பிக்கைக்கு ஆதாரம் ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அவளும் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு உன்னோடு வந்து இரண்டு இரவு அந்த மலையில் தங்கியிராவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். "வேண்டாம் மக்களே" என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

நீயும் மூன்று நண்பர்களும் பங்கு போட்டு வாங்கிய செஸ்னா 170 என்ற சின்ன விமானத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. 1953இல் செய்தது, என்னைவிட எட்டு வயது மூத்தது. 145 குதிரைத்திறன் எஞ்சின். வாலில் ஒரு சின்னச் சக்கரம், மூக்கு வானத்தைப் பார்த்தபடி குந்தியிருந்தது. கதவைச் சாத்தினால் முறுக்கு டின்னை மூடுகிற சத்தம். முந்தின நாள் இரவே குளியலறைத் தராசைக் கொண்டுவந்து என்னை ஏற்றி நிறுத்தினாய். பிறகு என் பையை, கூடாரத்தை, தண்ணீரை, கடைசியில் நான் நாகர்கோவிலிலிருந்து கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தையும் நிறுத்து, ஒரு தாளில் எழுதிக் கூட்டினாய். மாமனைத் தராசில் நிறுத்திய மருமகன் நம் குடும்பத்தில் நீ ஒருவன்தான். எரிச்சலாகத்தான் இருந்தது. எடையும், அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியாமல் அந்த விமானத்தை நகர்த்தமாட்டேன் என்றாய். எரிச்சல் பாதி குறைந்தது.

விடியற்காலையில் கிளம்பினோம். பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் நடுவில் போகாமல் வலப்பக்கத்து மலையை ஒட்டியே பறந்தாய். பாறை இறக்கையில் உரசிவிடும் போலிருந்தது. நடுவில் போனால் என்ன என்று கேட்டேன். "நடுவில் போனால் திரும்புவதற்குப் பாதி இடம்தான் மாமா மிச்சம் இருக்கும். ஓரமாகப் போனால் முழுப் பள்ளத்தாக்கும் இருக்கும்" என்றாய். மலைமுகட்டைத் தாண்டும்போதும் நேராகப் போய் முட்டாமல் சாய்வாக அணுகினாய், மறுபுறம் காற்று கீழே தள்ளினால் சட்டென்று விலகிவிடலாம் என்று. இது எனக்கு யாரும் விளக்க வேண்டிய விஷயம் அல்ல. முப்பந்தலில் காற்றாலைகளோடு என் பாதி ஆயுள் போயிருக்கிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வேகம் பிடித்து வருவதையும், மலைக்குப் பின்புறம் விழுந்து புரண்டு கலங்குவதையும் கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்து முதுகெலும்பில் உணர்ந்தவன் நான். மலைக்குப் பின்னால் தவறான இடத்தில் நட்ட காற்றாலை அதிர்ந்தே தேய்ந்துபோகும். காற்றை நீ படித்திருக்கிறாய் என்று அந்தச் சாய்வான திருப்பத்தில் தெரிந்துகொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. வயிறு சரியில்லை என்பதும் ஒரு காரணம்.

ஜான்சன் கிரீக். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில், 3,400 அடி நீளப் புல்தரை. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. 122.9 என்ற அலைவரிசையில் அவரவர் தாங்கள் எங்கே இருக்கிறோம், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். மற்றவர்கள் கேட்டு ஒதுங்குகிறார்கள். கோயில் தெருவில் நம் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொள்வது போலத்தான், கொஞ்சம் மரியாதையாக. மான் நிற்கிறதா என்று ஒருமுறை தாழப் பறந்து பார்த்துவிட்டு, சுற்றி வந்து இறங்கினாய். ஓடை, பைன் மரம், வரிசையாகச் சின்ன விமானங்கள். ஒவ்வொன்றையும் கயிறு போட்டுத் தரையோடு கட்டி, இறக்கைக்குக் கீழே கூடாரம். மாநில அரசு பராமரிக்கிற இடம் என்றாய். வெந்நீர்க் குளியலறைகூட இருந்தது. அங்கிருந்து கிழக்கே விரிகிற ஃப்ராங்க் சர்ச் வனம் நம் மாவட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் பெரியது. வண்டிப்பாதை போடத் தடை. ஆனால் 1980இல் சட்டம் இயற்றியபோதே, ஏற்கெனவே இருந்த ஓடுபாதைகளில் விமானம் இறங்கலாம் என்று விட்டுவிட்டார்களாம். மோட்டார் வண்டி நுழையக் கூடாத காட்டில் விமானம் நுழையலாம். விசித்திரமான நாடு.

கருவாட்டுக் கதையை அக்காவுக்கு நான் இதுவரை சொல்லவில்லை. கூடாரத்தில் தலைமாட்டில் வைத்திருந்தேன். பக்கத்து விமானத்துப் பெரியவர் மோப்பம் பிடித்து வந்து, இது என்ன என்று கேட்டு, விவரம் தெரிந்ததும் முகம் மாறிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். கரடி வரும் இடத்தில் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாதாம். மறுநாள் அந்தப் பெரியவரே வறுத்த நெத்திலியை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் உண்மையில் பேச வந்தது அந்த இரவைப் பற்றி. தீ மூட்டி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நர்ஸ், ஒரு மாட்டுப்பண்ணைக்காரர், வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானி, ஓய்வுபெற்ற கணவன் மனைவி, நீ. இருட்டும்வரை பெருமைதான் பேசினார்கள்: யார் எத்தனை அடியில் நிறுத்தினார், யார் எந்தப் பாறையைச் சுற்றி இறங்கினார். இருட்டிய பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் தவறுகளை எடுத்து வைத்தார்கள். எரிபொருளைத் தப்பாகக் கணக்கிட்டது, மேகத்துக்குள் மாட்டியது, வால் சுழன்று வேலியில் போய் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவரின் பிழையிலிருந்து கற்க இவ்வளவு தூரம் பறந்து வந்து தரையில் படுப்பவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் தொழிலில் ஒரு விபத்து நடந்தால் முதலில் நடக்கும் வேலை அதை மறைப்பது.

மறுநாள் காலை நடந்ததை நீ மறந்திருப்பாய். மலைக்கு அப்பால் இன்னொரு பள்ளத்தாக்கில் போய்ச் சாப்பிட்டு வரலாம் என்று ஐந்து விமானங்கள் கிளம்பத் தயாராயின. பேச்சு நீண்டு மணி பதினொன்றாகிவிட்டது. நீ வெப்பமானியைப் பார்த்தாய்: 30 டிகிரி. உன் தாளை எடுத்து ஏதோ கூட்டினாய். கணக்கு என்ன என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். 5,000 அடியில் காற்று 5 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். 25 டிகிரி கூடுதல் என்றால் 3,000 அடி. ஆக விமானம் நிற்பது 5,000 அடியில், அது சுவாசிக்கும் காற்றோ 8,000 அடிக் காற்று. எஞ்சினின் பலத்தில் கால்வாசி காணாமல் போயிருக்கும். இறக்கையும் பிடிமானம் கிடைக்க அதிக தூரம் ஓட வேண்டும். இதை நீங்கள் டென்சிட்டி ஆல்டிடியூட் என்கிறீர்கள். ஊருக்கு வந்ததும் நானும் ஒரு கணக்குப் போட்டேன். நாகர்கோவிலில் 32 டிகிரி அடிக்கும் பகலில் நம் வடசேரிச் சந்தையே விமானத்துக்கு 2,000 அடி மலைமேல் இருக்கிறது. மீன் வாங்கிக்கொண்டு நடக்கையில் எனக்கு மூச்சு வாங்குவதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

அன்று நீ தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "நாங்கள் வரவில்லை" என்றாய். அவ்வளவுதான். ஒருவர் கேலியாக ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை, உனக்குப் புரிந்தது. நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாய். மற்ற நால்வரும் போனார்கள், மாலையில் பத்திரமாகத் திரும்பினார்கள், நமக்கும் ஒரு கேக்குத் துண்டு கொண்டுவந்தார்கள். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போயிருக்கலாமே என்ற ஏக்கம் அதில் இல்லை. அவர்கள் நலமாகத் திரும்பியதால் உன் கணக்கு பொய்யாகிவிடவில்லை என்பது உனக்குத் தெரிந்திருந்தது. அக்கா எழுதச் சொன்ன கடிதத்தை எழுத முடியாதபடி என்னைச் செய்தது அந்த முகம்தான்.

உன் அம்மாவின் பயத்தை விவரம் தெரியாத பெண்ணின் பயம் என்று ஒதுக்கிவிடாதே. 2017 நவம்பர் 30, ஒக்கி அடித்தபோது அவள் கடற்கரைப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. வகுப்பில் இருந்த பிள்ளைகளின் அப்பாக்கள் கடலில் இருந்தார்கள். புயல் போன பிறகும் வாரக்கணக்கில் அந்த வீடுகளுக்குப் போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவாள். திரும்பி வராதது என்றால் என்னவென்று அவளுக்கு எண்ணிக்கையாகத் தெரியாது, பிள்ளைகளின் பெயர்களாகத் தெரியும்.

முட்டத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு, வயதாகிக் கடலுக்குப் போவதை நிறுத்தியவர். அவரிடம் உன் படத்தைக் காட்டினேன். விமானத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எத்தனை பேர் சேர்ந்து போகிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். ஆறு விமானம் என்றேன். "அதுதான் கஷ்டம். தனியாக நின்று கடலைப் பார்க்கிறவனுக்குக் கடல் தெரியும். பக்கத்து வள்ளம் இறங்கிவிட்டால் அவன் கண்ணுக்கு அந்த வள்ளம்தான் தெரியும்" என்றார்.

இந்த ஆண்டு நீங்கள் போகும் இடம் ஜான்சன் கிரீக் அல்ல. மேட்டைப் பார்த்து இறங்கி, பள்ளத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டிய ஒருவழிப் பாதை. ஒரு புள்ளியைத் தாண்டிவிட்டால் மனம் மாறி மேலேற முடியாது, எதிரே மலை என்று நீயே எழுதியிருக்கிறாய். இறங்குவது வேண்டாம் என்ற முடிவை அந்தப் புள்ளிக்கு முன்பே எடுத்தாக வேண்டும். அதையும் முன்னால் ஐந்து பேர் இறங்கி நின்று கையசைத்துக்கொண்டிருக்கையில் எடுக்க வேண்டும். உன் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கையசைப்புதான் எனக்குப் பயம். இரவில் தங்கள் பிழைகளை மறைக்காமல் சொன்ன அதே நல்ல மனிதர்களின் கையசைப்பு என்பதால் இன்னும் பயம்.

எங்கள் காற்றாலைகள் காற்று விநாடிக்கு 25 மீட்டரைத் தொட்டால் தாமாகவே நின்றுவிடும். எத்தனை லாபம் போகிறது என்று பார்க்காது, பக்கத்துக் காற்றாலை சுற்றுகிறதா என்றும் பார்க்காது. அந்த எண்ணைக் காற்று அடிக்கும்போது யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை; தொழிற்சாலையில், காற்றே இல்லாத அறையில் எழுதி வைத்தது. உன்னிடம் நான் கேட்பது அது ஒன்றுதான். கிளம்புவதற்கு முந்தின இரவு, தீயைச் சுற்றி உட்காருவதற்கு முன்பே, உன் தாளில் எழுதி வை: இத்தனை மணிக்கு மேல் இல்லை, இத்தனை டிகிரிக்கு மேல் இல்லை, முகட்டில் இத்தனை காற்றுக்கு மேல் இல்லை, இத்தனை எடைக்கு மேல் இல்லை. எழுதியதை மறுநாள் யார் முகத்தைப் பார்த்தும் திருத்தாதே.

இன்னொன்று கேட்டிருந்தாய், ஊருக்குத் திரும்பி வந்து நம் மரச்சீனித் தோட்டத்தைச் சமன்செய்து ஒரு புல்தரை போட்டால் என்ன என்று. மக்களே, ஒரு பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறது, இன்னொரு பக்கம் கூடங்குளத்தில் அணுமின் நிலையம். நடுவில் நீ கூடாரத்தோடு வந்து இறங்கினால் முதலில் வருவது கரடியாக இருக்காது. இங்கே பறப்பதற்கு வான்பாதுகாப்பு அனுமதி எண் வேண்டும். நினைத்த புல்லில் இறங்க முடியாது. கயத்தாற்றில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுபாதை ஒன்று கிடக்கிறது, ஊருக்கு வரும்போது காரில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். தோட்டத்தில் மரச்சீனியே இருக்கட்டும்.

நீ அங்கே காலை பத்து மணிக்கு இறங்கினால் இங்கே இரவு ஒன்பதரை. உன் அம்மா அதுவரை சாப்பிடாமல் இருப்பாள். மலைக்குள் போனில் சிக்னல் கிடைக்காது என்பது தெரியும். அந்தச் செயற்கைக்கோள் கருவியில் ஒரு வரி அனுப்பு. இறங்கிய நாளில் மட்டும் அனுப்பினால் போதாது. தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்ட நாளிலும் "இன்று பறக்கவில்லை" என்று அனுப்பு. அப்படி ஒரு செய்தி வந்தால் மறுநாள் காலை முட்டத்துக்குப் போய் நல்ல நெய்மீனாக வாங்கி வந்து அக்கா வீட்டில் கொடுக்கிறேன். பணம் உன் கணக்கில்.

அன்புடன்,
மாமா