அம்மையின் பாதி மாத்திரை

குமரி மாவட்டத்தில், கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் தெருவில் இருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் வணக்கம்.

இதை 2020-லேயே எழுதியிருக்க வேண்டும். அப்போது யாருக்கும் கடிதம் எழுதும் நிலையில் நாங்கள் இல்லை.

எங்களைப் பெற்ற அம்மை, அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைப்பவள். மார்ச் 25-ல் ஊரடங்கு வந்ததும் ஆபீஸ் பூட்டினார்கள், கூலி நின்றது. பிரஷருக்குத் தினம் ஒரு மாத்திரை. சுகாதார நிலையத்தில் இலவசம்தான். ஆனால் அங்கே வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும் என்று மெடிக்கலில்தான் வாங்குவாள். ஊரடங்கில் மெடிக்கலுக்குக் காசில்லை, சுகாதார நிலையத்துக்குப் பஸ்ஸில்லை. எங்களிடம் மூச்சுவிடாமல், இருந்த மாத்திரையைப் பாதி பாதியாக ஒடித்து விழுங்கியிருக்கிறாள். சாப்பாடு, ரேஷன் அரிசிக் கஞ்சியும் கருவாடும். மருந்து பாதியானது, உப்பு கூடியது.

நர்ஸ் அக்கா, நீங்கள் காய்ச்சல் கணக்கெடுக்க வந்தவர். அம்மை முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் பட்டையைச் சுற்றினீர்கள். 190/110. 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்பார்கள். திட்டப்போகிறீர்கள் என்று பயந்தேன். நீங்களோ, “எத்தனை நாளா வேலையில்ல?” என்று மட்டும் கேட்டீர்கள். அதற்குத்தான் அம்மை அழுதாள், வியாதிக்கு அல்ல.

ஆட்டோ அண்ணா, உங்களுக்கே சவாரி இல்லாத நாட்கள் அவை. வழியில் மறித்தவர்களிடம் அக்கா எழுதித் தந்த சீட்டை நீட்டி, ஆசாரிபள்ளம் மருத்துவமனைக்குக் கொண்டுபோனீர்கள். வாடகை வாங்கவில்லை.

டீச்சர், உங்கள் பிரஷர் மெஷினை ஒரு மாதம் எங்களிடம் விட்டுவைத்தீர்கள். நம் இரண்டு வீட்டிலும் அதே வியாதி, அதே மாத்திரை. உங்களுக்கு மாதச் சம்பளம் நிற்கவில்லை, டாக்டர் போனில் கிடைத்தார், பிரஷரும் ஏறவில்லை. இதை நான் சொன்னால் பொறாமை என்பார்கள். நீங்களே சொன்னதால் எழுதுகிறேன்.

2021 ஆகஸ்ட் 5-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு, எங்கள் தெருவுக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அம்மை கூலியை விடாமலே முழு மாத்திரை போடுகிறாள். போன வாரம் 130/80.

அப்புறம், மெடிக்கல் அண்ணாச்சி. அம்மை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, ஊரடங்கு முடியும்வரை மாத்திரையைக் கடனுக்குத் தந்தீர்கள். அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டாயிற்று என்கிறீர்கள். அம்மை நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பணத்தோடு கடைக்கு வருகிறாள்.