மதில் கல்லுக்குள் ஊமல்கரி

ஆசிரியருக்கு,

வடமராட்சி கிழக்கில் மணல் அள்ளுவது பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. லொறியை மறிக்க வேண்டும், ஆளைப் பிடிக்க வேண்டும் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. சீமெந்துக் கல் அரிந்து விற்கும் எங்களிடம், மணலைக் குறைக்க வழி உண்டா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால், கலவையில் மணலின் ஒரு பங்குக்குப் பதிலாக நான் கரியைச் சொல்வேன்.

உயிர்க்கரி என்று இப்போது சொல்கிறார்கள். உமி, சிரட்டை, மட்டை போன்ற கழிவைக் காற்றுப் புகாத கலனில் 350 முதல் 700 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி எடுப்பது. வெளியில் போட்டு எரித்தால் புகையோடு போயிருக்கும் காபனில் ஏறத்தாழப் பாதி இதில் தங்கிவிடுகிறது. நன்றாகச் சுட்ட கரி ஒரு கிலோ என்றால், கிட்டத்தட்ட மூன்று கிலோ காபனீரொட்சைட்டு வானத்துக்குப் போகாமல் சுவருக்குள் அடைபட்டிருக்கிறது என்று கணக்கு. மெல்பேர்ணில் உள்ள ஆர்எம்ஐரி பல்கலைக்கழகத்தார் கோப்பிச் சக்கையை 350 பாகையில் கரியாக்கி, கொங்கிறீற்றில் 15 வீத மணலுக்குப் பதிலாகப் போட்டுப் பார்த்தார்கள். வலிமை ஏறத்தாழ 30 வீதம் கூடியதாக 2023 இல் அறிவித்தார்கள்.

எங்களிடம் கோப்பிச் சக்கை இல்லை, பனங்கொட்டை ஊமல் இருக்கிறது. பனங்கிழங்கு கிண்டி முடிந்தபின் பாத்திக்கரையில் குவிந்து கிடப்பதை யார் தேடுகிறார்கள்? முன்பு ஊமல்கரியில் பல் விளக்கினார்கள், அதுவும் போய்விட்டது. காவோலையையும் மட்டையையும் கூட்டிப் பின்னேரத்தில் கொளுத்திவிட்டு, புகைக்கு அயலவரிடம் ஏச்சு வாங்குகிறோம். கிளிநொச்சிப் பக்கம் அரிசி ஆலைகளில் உமிக்கும் குறைவில்லை.

சீமெந்திலும் ஒரு பங்கைக் கரித்தூளால் குறைக்கலாம் என்கிறார்கள். உலகம் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் சுமார் 8 வீதம் சீமெந்து உற்பத்தியால் வருவது. அதில் பெரும் பங்கு அடுப்பு எரிப்பதால் வருவதல்ல, சுடும்போது சுண்ணக்கல்லே கக்குவது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990 இல் நின்றுவிட்டது. கல் அகழ்ந்த கிடங்குகள் நிற்கவில்லையே, இன்றும் வாயைப் பிளந்துகொண்டுதான் கிடக்கின்றன. எங்கள் கிணறுகளுக்குத் தண்ணீர் தருவதும் அதே சுண்ணக்கல்தான்.

ஆனால் இதைக் கேள்விப்பட்டதும் யாரும் நாளைக்கே தூணுக்குக் கரி கலக்கப் புறப்பட வேண்டாம். உலர்ந்த கரித்தூள் கலவையின் தண்ணீர் முழுவதையும் குடித்துவிடும். அச்சைத் தூக்கும்போதே கல்லின் மூலை உதிரும். முதல் நாளே ஊறவைத்து, வடித்துவிட்டுத்தான் போட வேண்டும். ஊறிய கரி பிறகு அந்தத் தண்ணீரை மெல்ல மெல்ல விட்டுக்கொடுப்பதால், சித்திரை வெயிலிலும் கல் உள்ளே இருந்து இறுகும். அளவு மீறினால் கல் பொறுக்காது. கடற்கரைப் பக்கத்து மட்டையில் உப்பு இருக்கக்கூடும், அது கம்பிக்கு ஆகாது. குப்பையோடு பொலித்தீனும் எரிந்த கரியைத் தொடவே கூடாது. ஆகவே மதில் கல், நடைபாதைக் கல், உள்சுவர்ப் பூச்சு என்று பாரம் தாங்காத, கம்பி இல்லாத வேலைகளில்தான் முதலில் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. கரிக்கு விலை வந்தால் பனையே தறிபடும் என்ற பயமும் எனக்கு உண்டு. கழிவில் சுட்ட கரியை மட்டும் வாங்குவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. எங்கள் ஊமலையும் உமியையும் எங்கள் மணலையும் வைத்து, எத்தனை வீதம் போடலாம் என்று அவர்கள் அமுக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சோதனைக்கு வேண்டிய கற்களை நான் காசில்லாமல் அரிந்து தருகிறேன். கல் அரிந்த 28 ஆம் நாள் பார்க்கும் வலிமைச் சோதனையின் முடிவு எப்படி வந்தாலும், மேசன்மார் வாசிக்கும்படி தமிழில் உங்கள் பத்திரிகையில் போட்டால் போதும்.

சீமெந்துக் கல் உற்பத்தியாளர் ஒருவர்,
கோப்பாய்.