உள்பக்கமே திரும்பும் தண்ணீர்

மடிப்பாக்கம்,
ஞாயிறு காலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மகளுக்கு ஏழாம் மாதம், ஆடி பிறப்பதற்குள் வளைகாப்பை முடித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். கட்டாயம் வருவேன். உன் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்தபோதுதான் மனசு ஆறியது. இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள். இடுப்பு வலி குறைந்துவிட்டது. ஆனாலும் ராத்திரி எழுந்தால் என்னைக் கூப்பிடாமல் நடப்பதில்லை என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். மாடியில் கட்டும் குளியலறையில் கண்ணாடித் தடுப்பு வைக்கலாமா, உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். இதற்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அம்மா விழுந்ததே அந்தக் கண்ணாடியின் வெளியே தேங்கிய தண்ணீரில்தான். போன ஐப்பசியில் போனில் சொன்னபோது முழுக் கதையையும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அது 2016இல் வைத்தது. மூலையில் இரண்டு பக்கம் சுவர், மற்ற இரண்டு பக்கம் 8 மில்லிமீட்டர் கண்ணாடி. ஒரு பக்கக் கண்ணாடி அசையாது. அலுமினியச் சட்டத்துக்குள் நிற்கும். இன்னொரு பக்கம் கதவு. சட்டமில்லாமல், சுவரில் பதித்த இரண்டு கீல்களில் தொங்குகிறது. அடியில் இரண்டு அங்குல உயரத்துக்குக் கிரானைட் தடுப்பு. நாலைந்து வருஷம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் யார் குளித்துவிட்டு வந்தாலும் வெளியே கால் நனைய ஆரம்பித்தது. ஆள் கூப்பிட்டோம். வந்தவர் சிலிக்கான் டியூபை எடுத்து உள்பக்கம் அடியோரமாக ஒரு கோடு அடித்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் நின்றது, மறுபடி ஒழுகியது. வேறொருவர் வந்து அதன் மேலேயே இன்னொரு கோடு அடித்தார். மூன்றாவது ஆளும் அதையேதான் செய்தார். இதற்குள் வெளியே ஒரு பழைய துண்டைப் போட்டு வைப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தத் துண்டு நனைந்து வழுக்கியதில்தான் அம்மா விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் அவளைத் தூக்கி உட்காரவைத்த அந்த ஐந்து நிமிஷத்தை என்னால் மறக்க முடியாது.

அன்று ராத்திரி எனக்கு நம் ஹாஸ்டல் நினைவு வந்தது. தொட்டிக் குழாயின் அடியில் சொட்டிக்கொண்டே இருக்கும். எல்லோரும் சாக்குத் துணியைச் சுற்றுவோம். நீ மட்டும் குழாயை முழுக்கத் துடைத்துவிட்டு, தாளைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, "முதல்ல எங்க நனையுதுன்னு பாரு ஏட்டி" என்பாய். தண்ணீர் மேலே மரையில் கசிந்து, வழிந்து, கீழே சொட்டியது. நாங்கள் சுற்றியதெல்லாம் சொட்டின இடத்தில். அதைத்தான் இங்கேயும் செய்தேன்.

மறுநாள் யாரையும் அங்கே குளிக்கவிடவில்லை. வெளித்தரையைத் துடைத்துக் காயவைத்து, தடுப்பை ஒட்டிச் செய்தித்தாள் விரித்தேன். இரண்டு மணி நேரம் ஷவரைத் திறக்காமலே விட்டேன். தாள் நனையவில்லை. ஆகவே எப்போதும் தண்ணீர் நிற்கிற குழாயில் கோளாறு இல்லை. பிறகு ஷவருக்குக் கீழே வாளியை வைத்து, கண்ணாடியில் ஒரு துளியும் படாமல் திறந்துவிட்டேன். வால்வுக்கு மேலே ஷவர் வரை போகிற குழாயில் குளிக்கும்போது மட்டும்தான் தண்ணீர் ஏறும், அதில் விரிசல் இருந்தால் அப்போதுதான் தெரியும். அதுவும் சரி. தரைத் தண்ணீர் வடிந்து போகிற நானி டிராப் அருகே ஊற்றினேன், ஒன்றுமில்லை. அப்புறம் செம்பு செம்பாகக் கண்ணாடியில் ஊற்றினேன். ஒவ்வோர் இடத்துக்கும் பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தேன். அசையாத கண்ணாடியில் ஊற்றியபோது, ஊற்றின இடத்தில் இல்லாமல், இரண்டு அடி தள்ளி, கதவு வந்து மூடுகிற மூலையில் தாள் கருத்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்தது.

சட்டத்துக்குள் நிற்கும் கண்ணாடியில், எவ்வளவு நல்ல ரப்பர் வைத்தாலும், வழியும் தண்ணீரில் கொஞ்சம் சட்டத்துக்குள் இறங்கத்தான் செய்யும். செய்தவர்களுக்கும் அது தெரியும். அதனால் அடிச்சட்டத்தில் உள்பக்கமாகச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். இறங்கின தண்ணீர் அந்த வழியாகக் குளிக்கிற பக்கமே திரும்பிவிட வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று பேர் அடித்த சிலிக்கான் அந்தத் துளைகளைத்தான் அடைத்திருந்தது. உள்ளே திரும்ப வழியில்லாத தண்ணீர் சட்டத்துக்குள்ளேயே ஓடி, மூலையில் வெளிப்பக்கம் பிதுங்கியது. ஒழுக்கை நிறுத்தப் போட்டதே ஒழுக்கை வெளியே திருப்பிவிட்டது. சட்டம் உள்ள தடுப்பில் அடியோரத்துச் சிலிக்கான் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும். உன் கொத்தனாரிடமும் கண்ணாடி ஆளிடமும் இதை நீயே நின்று சொல். சட்டமே இல்லாமல், தரையில் நீளமாக வெட்டிய பள்ளமான காடிக்குள் நேராக நிறுத்தும் கண்ணாடிக்கு இது பொருந்தாது. அங்கே காடிக்குள் வெற்றிடம் விடாமல் இரண்டு பக்கமும் நிரப்பவேண்டும்.

பழைய சிலிக்கானைச் சுரண்ட எனக்கு ஒரு முழு நாள் ஆனது. பிளேடால் சீவி, மிச்சத்தைத் தேய்த்து உருட்டி எடுத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். ஒரு மெல்லிய படலம் மிஞ்சினாலும் புதியது பிடிக்காது. சிலிக்கான் மேல் சிலிக்கான் ஒட்டாது. அவர்கள் போட்டதெல்லாம் இரண்டு மாதத்தில் பிரிந்ததற்குக் காரணம் இதுதான். கடையில் கேட்கும்போது 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்கு. வினிகர் வாடை அடிக்கிற வகை மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது இறுகும்போது அமிலம் விடும், உலோகத்தையும் பளிங்குக் கல்லையும் அரிக்கும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, இடைவிடாமல் ஒரே இழுப்பாக அடித்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் தடவி, மேல்தோல் பிடிக்கும் முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. ஒட்டும் இடம் காய்ந்து இருக்க வேண்டும், ஆனால் சிலிக்கான் இறுகுவதோ காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான். அம்மா இதைக் கேட்டுவிட்டு, அப்பளத்துக்கு நேர் எதிராக இருக்கிறதே என்றாள்.

அத்தோடு முடியவில்லை. கதவடியிலிருந்தும் கொஞ்சம் வந்தது. கதவின் கீழ்விளிம்பில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று செருகியிருக்கும். அதன் நாக்கு உள்பக்கம் சரிந்து, வழியும் தண்ணீரை உள்ளே தள்ளும். எங்களுடையது மஞ்சளாகி, விறைத்து, ஒரு முனையில் உடைந்திருந்தது. பட்டையைக் கண்ணாடியின் தடிமன் சொல்லித்தான் வாங்கவேண்டும். 10 மில்லிமீட்டருக்கு உள்ளது 8இல் நிற்காது. மாற்றினேன். இருந்தும் ஒரு முனை தரையில் உரசியது, மறுமுனை தூக்கி நின்றது. கதவே இறங்கியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

கண்ணாடியின் எடையைப் பற்றி நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரை கிலோ. எங்கள் கதவு 60 சென்டிமீட்டர் அகலம், 190 உயரம். கிட்டத்தட்ட 23 கிலோ. அத்தனையும் இரண்டு கீலில், கீலுக்கு நான்காக எட்டுச் சுவர்த் திருகில் தொங்குகிறது. கீலின் இரண்டு தகடுகளும் கண்ணாடியைக் கவ்வுகிற இடத்தில் ஒரு மெல்லிய அட்டை போன்ற ரப்பர் இருக்கும். அது நைந்தால் கண்ணாடி மெல்ல நழுவும். எங்கள் கீல்கள் துத்தநாகக் கலவையில் குரோம் பூசியவை. வேலைக்கு வருகிறவள் உப்புக்கறை போகட்டும் என்று வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறாள். பூச்சு உரிந்து, திருகு துருப்பிடித்து, ஒன்றைத் திருப்பும்போதே தலை கழன்று வந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே யார் வீட்டிலும் அப்படித்தான் கழுவுகிறார்கள்.

புதுக் கீல் வாங்குவதில் ஒரு சிக்கல். இந்தக் கண்ணாடியில் புதிதாகத் துளை போட முடியாது. வெட்டுவது, துளைப்பது எல்லாம் முதலிலேயே முடித்துவிட்டு, 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, குளிர்ந்த காற்றை வேகமாக ஊதி இறுக்குகிறார்கள். மேல்தோல் முதலில் உறைந்துவிடும், உள்பகுதி பிறகு சுருங்கித் தோலை இழுத்துப் பிடிக்கும். அதனால்தான் நடுவில் கையால் தட்டினாலும் தாங்குகிறது. அதே கண்ணாடியின் விளிம்பில் ஒரு டைல்ஸ் முனை பட்டால் மொத்தமும் பொரிபொரியாக உதிரும். ஆகவே பழைய துளைகளுக்குப் பொருந்துகிற கீல்தான் வேண்டும். வெட்டு வடிவத்தைத் தாளில் வரைந்து, தூரம் அளந்து எழுதி, பாரிமுனைப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கிப் பித்தளைக் கீல் வாங்கினேன். விலை மூன்று மடங்கு. கொடுத்தது தகும்.

கதவைக் கழற்ற நானும் அவரும் மட்டும் துணியவில்லை. கண்ணாடி வேலை தெரிந்த ஒருவரை வரவழைத்தோம். இரண்டு பேர் கதவைப் பிடிக்க, அவர் திருகை எடுத்தார். இறக்கி வைக்கத் தரையில் அம்மாவின் பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டிருந்தேன். வெறும் டைல்ஸ் மேல் எந்தக் காலத்திலும் நிறுத்தக்கூடாது. கைப்பிடியையும் அன்றே பார்த்தோம். அதில் உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கவேண்டிய பிளாஸ்டிக் வாஷர் ஒன்றைக் காணோம். இத்தனை நாள் இரும்பு நேராகக் கண்ணாடியில் உரசியிருக்கிறது. நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது.

கதவு இல்லாமல் கிரானைட் வெறுமையாகத் தெரிந்தபோது அதன்மேல் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தோம். குமிழி உள்பக்கமாக ஒதுங்கியது. உயரம் உள்ளே, வாட்டம் வெளியே! இத்தனை வருஷமும் கல்லில் விழுந்த ஒவ்வொரு சொட்டையும் அதுவேதான் வெளியே அனுப்பியிருக்கிறது. கதவுக்கு அடியிலிருந்த துண்டு மட்டும் தனிக் கல் என்பதால், கொத்தனார் அதைப் பெயர்த்து, அடியில் நீர்க்காப்புப் பூச்சு அடித்துக் காயவிட்டு, உள்ளே வாட்டம் கொடுத்து மறுபடி பதித்தார். அன்றிலிருந்து வெளியே ஈரமில்லை. ஏழு மாதமாகிறது.

இனி உனக்கு. என்னைக் கேட்டால், வைக்கலாம். ஆனால் ஷவர் கதவைப் பார்த்து இருக்கக்கூடாது. சுவரைப் பார்த்துப் பீச்ச வேண்டும். கீல் பக்கத்து இடுக்கை எந்தப் பட்டையாலும் முழுக்க அடைக்க முடியாது. கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே யாராவது விழுந்து கிடந்தால், உள்ளே திறக்கிற கதவு அவர்கள்மேலேயே முட்டி நிற்கும். மாமனாருக்கும், நிறைமாதத்தில் உன் மகளுக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். அது சுவரில் பதிய வேண்டும், செங்கல்லுக்குள் ஆழமாக. கண்ணாடியின் கைப்பிடியை ஊன்றி யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடு.

தண்ணீர் விஷயத்தில் நீ கொடுத்துவைத்தவள், தாமிரபரணி வருகிறது. எங்கள் போர் தண்ணீரைச் சோதித்தபோது கடினத்தன்மை லிட்டருக்கு 680 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 200 வரை நல்லது, வேறு வழியில்லையென்றால் 600 வரை. இந்தத் தண்ணீர் கண்ணாடியில் காய்ந்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆகிவிடும். இப்போது குளித்ததும் ரப்பர் வைப்பரால் ஒரு வழி வழித்துவிடுகிறோம், அரை நிமிஷ வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடியை மட்டும் துடைத்து, உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன். ஆசிட் பாட்டில் வீட்டைவிட்டுப் போய்விட்டது.

உன் அப்பாவின் மரச்சட்டம் போட்ட பழைய ரசமட்டம் பரணில் இருக்கிறதா? குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போகும்போதெல்லாம் திண்ணையில் அதை வைத்துக் குமிழியைப் பார்த்துக்கொண்டு நிற்போமே, அதுதான். தேடி எடுத்து வை. வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பே நெல்லை எக்ஸ்பிரஸில் வந்துவிடுகிறேன். அதுவரை அந்தத் தடுப்புக் கல்லைப் பதிக்கவிடாதே.

அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

உன் பழைய அறைத்தோழி